மூன்று விநாடி காத்திருக்க எங்கே கற்பது? ஆசிரியர்களுக்கான பயிற்சி வாய்ப்புகள்: ஓர் ஒப்பீடு

பள்ளி ஆசிரியர் ஒருவருக்குத் தம் தொழிலில் மேலும் தேர்ச்சி பெறுவதற்கென்று ஓராண்டில் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. பாடக்குறிப்பு எழுதுவது, குறிப்பேடு திருத்துவது, தேர்வுப் பணி, பெற்றோர் சந்திப்பு எல்லாம் போக மீதி இருக்கும் சில பத்து மணி நேரத்தைத்தான் இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை, இணையவழிப் படிப்பு, பட்டமேற்படிப்பு, தனிப் பயிற்றுநரின் வழிகாட்டல், சக ஆசிரியரின் வகுப்பைப் பார்த்தல், பலர் கூடிச் செய்யும் பாட ஆய்வு ஆகிய அனைத்தும் பங்கு கேட்கின்றன. இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் நான் எல்லா வாய்ப்புகளையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறேன். சொல்வதற்கு மிக எளிதாகவும் செய்வதற்கு மிகக் கடினமாகவும் இருக்கும் ஒரு சிறு திறனை எந்த வாய்ப்பு உண்மையில் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் என்பதே அந்த உரைகல்.

அந்தத் திறன், கேள்வி கேட்டபின் காத்திருப்பது. மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அறிவியல் கல்வியாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சராசரியாக ஏறத்தாழ ஒரே ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். அதை மூன்று விநாடியாக நீட்டினாலே மாணவர்களின் விடைகள் நீளமாகின, பதிலே வராத தருணங்கள் குறைந்தன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய இந்தச் செய்தியை அறியாத ஆசிரியர் குறைவு. ஆனால் எத்தனை பேரால் அதைச் செய்ய முடிகிறது? நானும் அறிந்தவன்தான். இருந்தும் ஒருநாள் என் பாடவேளையைக் கைப்பேசியில் பதிவு செய்து அன்றிரவு கேட்டபோது, கேள்வி முடிந்த அதே மூச்சில் அதை வேறு சொற்களில் நானே திரும்பக் கேட்டிருந்தேன். பிறகு விடையின் முதல் பாதியையும் நானே சொல்லிவிட்டு, கடைசிச் சொல்லை மட்டும் பிள்ளைகளிடம் விட்டிருந்தேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் அந்தக் கடைசிச் சொல்லைச் சொன்னதைத்தான் நான் 'நன்றாகப் பதில் சொல்கிறார்கள்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பயிற்சிப் பட்டறையை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் பெரும்பாலான ஆசிரியர்களுக்குக் கேட்காமலே வந்து சேர்வது அதுதான். காத்திருப்பின் அருமையைப் பட்டறையில் இருபது நிமிடத்தில் விளக்கிவிடலாம். கேட்பவர் ஒப்புக்கொள்வார், குறித்துக்கொள்வார், சான்றிதழும் பெறுவார். அடுத்த திங்கட்கிழமை நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும்போது ஒரு விநாடி மௌனம் ஒரு யுகமாகத் தோன்றும். பழைய பழக்கம் திரும்பிவிடும். பட்டறையின் குறைபாடு அங்கே பேசுபவரின் திறமைக் குறைவினால் வருவதன்று. கற்றது வகுப்பறைக்குள் நுழையும் நேரத்தில் பட்டறை முடிந்துபோயிருக்கும். அதை நடத்தியவர் வேறு ஊரில் இருப்பார். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, ஆசிரியர் பயிற்சி மாணவர் கற்றலை எப்படிப் பாதிக்கிறது என்பது பற்றிய 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தபோது, கடுமையான ஆய்வு நெறிகளில் தேறியவை ஒன்பதே ஒன்பது. அந்த ஒன்பதிலும் 14 மணி நேரமோ அதற்குக் குறைவோ நடந்த பயிற்சிகளால் மாணவர்களிடம் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தென்படவில்லை. ஆசிரியர் பணித்தரம் பற்றி ஆராயும் அமெரிக்காவின் டி.என்.டி.பி. அமைப்பு 2015இல் வெளியிட்ட அறிக்கை இன்னும் கசப்பானது: தான் ஆராய்ந்த பெரிய பள்ளி நிருவாக மாவட்டங்களில் ஓர் ஆசிரியர் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 19 பள்ளி நாட்களுக்கு இணையான நேரத்தைப் பயிற்சியில் செலவிட்டும், பத்தில் மூன்று பேர் அளவுக்குத்தான் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டார்கள் என்றது அது.

இதனால் பட்டறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாடத்திட்டம் மாறும்போது, மதிப்பீட்டு முறை மாறும்போது, புதிய மென்பொருள் ஒன்று பள்ளிக்கு வரும்போது, குழந்தைப் பாதுகாப்பு விதிகளை எல்லோரும் ஒரே மாதிரி அறிந்திருக்க வேண்டியிருக்கும்போது, அரைநாள் பட்டறையே மலிவானது, விரைவானது. தகவலைக் கொண்டுசேர்க்க அது போதும். பழக்கத்தை மாற்றும் வேலையை அதன் தலையில் கட்டும்போதுதான் எல்லோருக்கும் ஏமாற்றம் மிஞ்சுகிறது.

இணையவழிப் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விரும்பிய நேரத்தில் படிக்கலாம், உலகின் எந்தப் பல்கலைக்கழகத்து ஆசானின் உரையையும் கேட்கலாம் என்பது பெரிய வசதி. தொலைதூரப் பள்ளியில் தனியாகப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு அது வரமும்கூட. ஆனால் முடிப்பவர் சிலரே. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய திறந்தநிலை இணையப் படிப்புகளைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வின்படி, 2017-18இல் சேர்ந்தவர்களில் 3 விழுக்காடு அளவினரே முடித்தார்கள். சான்றிதழுக்கெனப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களிடையே அது 46 விழுக்காடாக இருந்தது. தனியாகச் சேர்வதைவிட, அதே பள்ளியைச் சேர்ந்த இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வாரம் ஒருமுறை கூடிப் பேசுவது நல்லது என்பது என் கணிப்பு. மூன்று விநாடிச் சோதனையில் இணையவழிப் படிப்பு பட்டறையைப் போலவே தவறுகிறது. காணொளியில் பிறர் காத்திருப்பதைப் பார்த்ததால் நமக்குக் காத்திருக்க வந்துவிடாது.

பட்டமேற்படிப்பின் கதை சற்றுச் சிக்கலானது. பதவி உயர்வு, ஊதிய உயர்வு, தலைமையாசிரியர் தகுதி என்று அதற்கென்று தனிப் பயன்கள் உண்டு. அவற்றுக்காகப் படிப்பவர் அதைத் தமக்குத் தாமே ஒளிவுமறைவின்றிச் சொல்லிக்கொண்டு படிப்பதில் தவறில்லை. ஆனால் பட்டம் பெற்றதால் வகுப்பறை மேம்படுமா என்று கேட்டால், எந்தப் பாடத்தில் பெற்ற பட்டம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி டான் கோல்ட்ஹேபரும் டொமினிக் பிரூவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற ஆசிரியர்களின் மாணவர்கள் கணிதத்தில் கூடுதலாகத் தேறினார்கள். எந்தப் பாடத்தில் என்று பாராமல் முதுகலைப் பட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தபோது அத்தகைய தொடர்பு தென்படவில்லை.

இங்கே என் உரைகல்லின் குறையையும் நானே ஒப்புக்கொள்ள வேண்டும். காத்திருப்பு என்பது பழக்கம் சார்ந்த திறன். ஆசிரியரின் தடுமாற்றம் பாடத்தின் உள்ளேயே இருந்தால் மூன்று விநாடி அல்ல, முப்பது விநாடி காத்திருந்தும் பயனில்லை. லிபிங் மா என்னும் ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட ஒப்பீட்டில், அமெரிக்காவைச் சேர்ந்த 23 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடமும் சீனாவைச் சேர்ந்த 72 ஆசிரியர்களிடமும் ஒரு கணக்கு கொடுக்கப்பட்டது: ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும், பிறகு அந்த வகுத்தலுக்குப் பொருந்தும் ஒரு கதைக்கணக்கையும் சொல்ல வேண்டும். விடை மூன்றரை. சீன ஆசிரியர்கள் அனைவரும் விடையைச் சரியாகக் கண்டார்கள், பெரும்பாலோர் பொருத்தமான கதையும் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் பாதிக்கும் குறைவானவர்களே சரியான விடைக்கு வந்தார்கள். கதை சொல்லும் இடத்தில் ஏறக்குறைய எல்லோருமே தடுக்கினார்கள். அரையால் வகுப்பதைப் பாதியாக்குவதோடு குழப்பிக்கொண்டு, ஒன்றே முக்கால் பங்கு பண்டத்தை இருவருக்குப் பிரித்துக் கொடுப்பதாகக் கதை கட்டினால் விடை எட்டில் ஏழாக அல்லவா வரும்? ஒன்றே முக்கால் மீட்டர் நாடாவில் அரை மீட்டர்த் துண்டுகள் எத்தனை வெட்டலாம் என்று கேட்டால்தான் மூன்றரை வரும். இந்த வேறுபாடு தெளிவாக இல்லாத ஆசிரியரிடம் போய்க் கேள்வி கேட்கும் நயத்தைப் பற்றிப் பேசுவது, ஓட்டைக் குடத்துக்குப் பிரிமணை தேடுவது போன்றது. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் வலியுறுத்தியதும் இதையே: பாடத்தை அறிவது ஒன்று, கற்பிக்கும் முறையை அறிவது இன்னொன்று, இந்தப் பாடத்தை இந்தப் பிள்ளைகளுக்கு எந்த எடுத்துக்காட்டின் வழியாகத் திறப்பது என்று அறிவது இவை இரண்டிலும் சேராத மூன்றாவது அறிவு.

அந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. சீன ஆசிரியர்கள் அமெரிக்க ஆசிரியர்களைவிடக் குறைந்த ஆண்டுகளே முறையாகப் படித்தவர்கள். பட்டங்கள் அவர்களிடம் இல்லை. அவர்களது ஆழம் பெரும்பாலும் பணியில் சேர்ந்தபிறகு, பாடநூலையே வரிவரியாகச் சக ஆசிரியர்களோடு சேர்ந்து ஆராய்ந்ததிலிருந்து வந்தது. ஆகவே பாட அறிவுக்குறை என்று தெரிந்தவுடன் பல்கலைக்கழகத்தின் வாசலுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. அது ஒரு வழி. பள்ளிக்குள்ளேயே பாடநூலைச் சுற்றி உட்காரும் ஒரு குழு இன்னொரு வழி. இரண்டாவது வழிக்கு அங்கே ஓரளவேனும் ஆழம் உள்ளவர் ஒருவராவது வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இனி, ஒருவரோடு ஒருவராக நடக்கும் பயிற்றுநர் வழிகாட்டல். தேர்ந்த ஒருவர் வகுப்பில் வந்து அமர்கிறார். பாடம் முடிந்தபின் தாம் கண்டதைச் சொல்கிறார். அடுத்த பாடத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்கச் சொல்கிறார். இரண்டு வாரம் கழித்து மறுபடி வருகிறார். கொள்கை விளக்கமும் செய்து காட்டலும் மட்டும் இருந்தால் கற்றது வகுப்பறைக்குப் போய்ச் சேர்வதில்லை, இத்தகைய தொடர் வழிகாட்டல் வேண்டும் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களின் தொடக்கத்திலேயே வாதிட்டார்கள். மேத்யூ கிராஃப்ட், டேவிட் பிளேசர், டிலன் ஹோகன் ஆகிய மூவரும் 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட பகுப்பாய்வு அதற்கு வலுவான எண்களைத் தந்தது: கற்பித்தலின் தரத்தில் 0.49 திட்டவிலக்க அளவும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அலகு திட்டவிலக்கம்), மாணவர் அடைவில் 0.18 திட்டவிலக்க அளவும் உயர்வு. இந்தத் துறையில் இவை சிறிய எண்கள் அல்ல. என் உரைகல்லிலும் இதுவே முதலில் நிற்கிறது. பின்வரிசையில் அமர்ந்து, ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் எத்தனை விநாடி என்று ஒரு தாளில் எழுதி, மணி அடித்தபின் அந்தத் தாளை நம் கையில் கொடுக்கும் ஒருவர் இருந்தால், அதற்குமேல் விளக்கவுரை எதற்கு?

ஆயினும் அதே பகுப்பாய்வு, திட்டத்தில் சேரும் ஆசிரியர்களின் எண்ணிக்கை கூடக்கூடப் பயன் குறைகிறது என்றும் காட்டியது. நல்ல பயிற்றுநர்கள் எங்கும் அரிதாகவே இருக்கிறார்கள் என்பதே காரணமாக இருக்கலாம். நூறு ஆசிரியர்களுக்கு என்று அவசரமாக ஆள் சேர்த்தால், வகுப்பறையைவிட்டு வெளியேற வழி தேடிக்கொண்டிருந்தவர்களும் பயிற்றுநர்களாகி வந்துவிடுவார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு: பயிற்றுநர் எழுதும் குறிப்பு ஆசிரியரின் பணி மதிப்பீட்டுக் கோப்புக்குள் போகும் என்று தெரிந்தால், ஆசிரியர் அன்று தம் பலவீனத்தைக் காட்டமாட்டார், பலமுறை ஒத்திகை பார்த்த பாடத்தையே நடத்துவார். உதவுவதற்கும் எடைபோடுவதற்கும் வருபவர் ஒருவராகவே இருக்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

தனிப் பயிற்றுநர் கிடைக்காத பள்ளிகளே மிகுதி. அத்தகைய பள்ளியில் ஓர் ஆசிரியரின் கண்முன்னே இருந்தும் பயன்படாமல் கிடக்கும் வாய்ப்பு, அடுத்த வகுப்பறை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்த ஒரு சோதனையில், வகுப்பு மதிப்பீட்டில் ஒரு குறிப்பிட்ட திறனில் பின்தங்கிய ஆசிரியர் ஒருவரையும், அதே பள்ளியில் அதே திறனில் தேர்ந்த மற்றொருவரையும் இணைசேர்த்து, அந்தத் திறனில் சேர்ந்து வேலை செய்யும்படி கேட்டுக்கொண்டார்கள். அதற்குமேல் பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. பின்தங்கியிருந்த ஆசிரியர்களின் மாணவர்கள் மேம்பட்டார்கள். அந்த மேம்பாடு அடுத்த ஆண்டும் நிலைத்தது. கிராபோ ஜாக்சனும் எலியாஸ் புரூக்மனும் 2009இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது: திறமையான ஆசிரியர் ஒருவர் பள்ளியில் வந்து சேர்ந்தால், அவருடைய மாணவர்கள் மட்டுமல்லாமல், அதே வகுப்பு நிலையில் கற்பிக்கும் பிற ஆசிரியர்களின் மாணவர்களும் உயர்கிறார்கள். இருந்தும் பல நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. என்னும் பொருளாதார அமைப்பு ஆசிரியர்களிடம் நடத்தும் டாலிஸ் கணக்கெடுப்பில், 2018ஆம் ஆண்டு நேரடிப் படிப்புகளிலும் கருத்தரங்குகளிலும் பங்கேற்றதாகச் சொன்னவர்கள் 70 விழுக்காட்டுக்கும் மேல். சக ஆசிரியரிடம் கற்றல், வழிகாட்டல் போன்றவற்றில் ஈடுபட்டவர்கள் 44 விழுக்காடுதான்.

ஏன் இப்படி? கூச்சம் ஒரு காரணம். 'நாளை மூன்றாம் பாடவேளை உங்கள் வகுப்பில் வந்து உட்காரட்டுமா, ஐயா?' என்று மூத்த ஆசிரியரிடம் கேட்க இளையவருக்குத் தயக்கம். இளையவரைத் தம் வகுப்புக்கு அழைக்க மூத்தவருக்கு அதைவிடத் தயக்கம். மற்றொரு காரணம் கால அட்டவணை: இவருக்கு ஓய்வுப் பாடவேளை இருக்கும்போது அவருக்கு வகுப்பு இருக்க வேண்டும், அந்த நேரத்தில் விடுப்பில் சென்றவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள இவரை அனுப்பாமல் இருக்கவும் வேண்டும். சக ஆசிரியர் பார்வையில் இன்னொரு குறையும் உண்டு. பண்பு கருதிப் பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 'பாடம் நன்றாக இருந்தது' என்பதைக் கேட்டு யாரும் எதையும் கற்றதில்லை. எதைப் பார்க்க வருகிறோம் என்று முன்கூட்டியே ஒன்றைமட்டும் முடிவு செய்துகொண்டால் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்: விநாடிகளை எண்ணுங்கள், அல்லது கடைசி இரு வரிசையில் எத்தனை பேர் பேசினார்கள் என்று எண்ணுங்கள், போதும்.

பாட ஆய்வு இதையே இன்னும் செறிவாகச் செய்கிறது. ஜப்பானில் ஜுக்யோ கென்க்யூ என்று அழைக்கப்பட்டு நூறாண்டுக்கும் மேலாக வழக்கில் இருக்கும் இந்த முறை, 1999இல் ஜேம்ஸ் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபர்ட்டும் எழுதியபின்பே பிற நாடுகளில் பரவலாக அறியப்பட்டது. ஆசிரியர் குழு ஒன்று ஒரே ஒரு பாடத்தைப் பல வாரம் ஆராய்ந்து, பிள்ளைகள் எங்கெங்கே தவறுவார்கள் என்று முன்கூட்டியே கணித்துத் திட்டமிடுகிறது. ஒருவர் நடத்த மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். பிறகு கூடிப் பேசுகிறார்கள். பார்ப்பவர்களின் கண் ஆசிரியர்மேல் இல்லை, பிள்ளைகளின் குறிப்பேட்டின்மேல் இருக்கிறது என்பதே இதன் நுட்பம். திட்டம் குழுவினுடையது என்பதால் குறையும் குழுவினுடையதாகிறது; நடத்தியவர் கூனிக்குறுகி நிற்க வேண்டியதில்லை. பாட அறிவையும் பழக்கத்தையும் சேர்த்தே தொடும் முறை இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான் என்பேன். ஆனால் இது பொறுமையைக் கேட்கிறது. இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளிகளில் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்து 2017இல் வெளியிட்ட மதிப்பீட்டில், மாணவர்களின் கணித, வாசிப்பு அடைவில் எந்த உயர்வும் காணப்படவில்லை. வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பாடநூலை ஆராயும் அந்த முதல் சில வாரங்களைச் சுருக்கினால் சடங்குதான் எஞ்சும் என்று நான் கருதுகிறேன். அந்தச் சோதனையின் முடிவுக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே தெரிவு செய்யும் ஆசிரியர் பயிற்சி அறிவிப்புகளைப் புரட்டுவதற்குமுன், சென்ற மாதம் தம் கையைவிட்டு நழுவிய ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு அது எங்கே நழுவியது என்று பார்ப்பது நல்லது. விளக்கும்போதே தமக்குள் ஐயம் எழுந்ததா? அப்படியானால் பாடம் சார்ந்த படிப்போ பாடநூல் குழுவோதான் வேண்டும். எவ்வளவு நல்ல பயிற்றுநர் பின்வரிசையில் அமர்ந்தாலும் அந்த ஐயம் தீராது. தமக்குத் தெளிவாக இருந்தும் பிள்ளைகளிடம் போய்ச் சேரவில்லையா? அப்போது யாராவது வந்து பார்க்கும் ஏற்பாடுதான் வேண்டும். மேலும் ஒரு பட்டறை அந்த நேரத்தைத் தின்றுவிடும். பணியில் சேர்ந்து ஓரிரு ஆண்டே ஆனவருக்கு நான் தயங்காமல் பயிற்றுநரையோ மூத்த ஆசிரியரின் வகுப்பையோதான் சொல்வேன், ஏனெனில் பழக்கங்கள் அப்போதுதான் உறைகின்றன. பதினைந்து ஆண்டு கடந்தவருக்குப் பாட ஆய்வு பொருந்தும். அவர் கற்பதோடு அவரிடம் உள்ளதும் வெளியே வரும். புதிய முறையொன்றில் முழு நம்பிக்கை வந்தபிறகுதான் அதைச் செய்து பார்ப்பேன் என்று காத்திருப்பவர்களுக்கு, அமெரிக்கக் கல்வியாளர் தாமஸ் கஸ்கி 1986இல் சொன்ன வரிசைமுறை உதவும்: செய்து பார்த்து, பிள்ளைகளிடம் மாற்றத்தைக் கண்டபின்பே ஆசிரியரின் நம்பிக்கை மாறுகிறது.

தலைமையாசிரியரின் கையில் இருக்கும் தெரிவு வேறு. வெளியிலிருந்து ஒருவரை அழைத்து எல்லோரையும் ஒரே அறையில் இரண்டு நாள் அமரவைப்பது நிருவாகத்துக்கு எளிது. கணக்குக் காட்டவும் வசதி. அந்த இரண்டு நாளுக்குரிய பாடவேளைகளையே பிரித்து, ஒவ்வோர் ஆசிரியருக்கும் மாதம் ஒருமுறை இன்னொருவரின் வகுப்பில் அமர வழிசெய்தால் என்ன கிடைக்கும் என்று ஒரு பருவம் மட்டும் பார்க்கலாம். அதற்கு அட்டவணையில் அந்தப் பாடவேளைக்கு நேரே ஆசிரியரின் பெயரோடு 'வகுப்புப் பார்வை' என்று மையில் எழுதிவைக்க வேண்டும். பென்சிலில் எழுதினால், யாரோ ஒருவர் விடுப்பு எடுக்கும் முதல் நாளிலேயே அது அழிந்துவிடும்.